எக்ஸ்ரேயில் விழுந்த என் கை

போன வருஷம் நம் சபையின் அசன விருந்துக்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் ஜிம்மி மூச்சுவிட முடியாமல் திணறியது. ஜிம்மி சாதாரண நாட்டு நாய். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி கிரேஸ் அதற்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டுத்தான் எனக்கே போடுவாள்.

"பைக் தட்டிட்டு" என்று அவளிடம் சொன்னேன். பொய். அடித்தது நான்.

என் வேதப்புத்தகத்தின் தோல் அட்டையை அது கடித்துக் குதறியிருந்தது. குடும்ப ஜெபம் நடத்துகிறவன், அசனக் கமிட்டியில் இருக்கிறவன், சும்மா விடுவேனா? விறகுக்கட்டையை எடுத்து ஒரே போடு. ஜிம்மி சுருண்டு என் காலடியிலேயே வந்து படுத்தது. என் பக்தியைப் பாருங்கள்.

வள்ளியூரிலிருந்து ஆட்டோவில் பாளையங்கோட்டை கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் கிரேஸ் அழுதாள். "ஆண்டவரே, இதைக் காப்பாற்றும்" என்று ஜெபித்தேன். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதேயும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பழகினவர் பிடித்தால்தான் நாய் அசையாது என்று டாக்டரம்மா எனக்குக் கனமான ஈய அங்கியை மாட்டிவிட்டார். எக்ஸ்ரே மேசையில் ஜிம்மி நடுங்கியது. என் விரலை நக்கியது. மனசு கேட்காமல் அதன் விலாவில் கையை வைத்துவிட்டேன்.

படம் திரையில் வந்தது.

"கைய உள்ள நீட்டாதீங்கன்னு சொன்னேன்லா அண்ணாச்சி" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

ஒடிந்த இரண்டு விலா எலும்புகள். அவற்றின்மேல் என் கை. தோலில்லை, சதையில்லை. ஐந்து விரல் எலும்பும் கல்யாண மோதிரமும் மட்டும். நான் அடித்த அதே இடத்தில்.

"நுரையீரலச் சுத்தி காத்து நிக்கி. வண்டில அடிபட்டதுன்னா வயித்தையும் இப்பவே ஸ்கேன் பண்ணணும். ஆனா மல்லாக்கப் போட்டா இந்த மூச்சுக்குத் தாங்குமான்னு பயமா இருக்கு. நெசமாவே வண்டிதானா?"

கிரேஸ் என்னைப் பார்த்தாள்.

"நாந்தாம்மா அடிச்சேன். கட்டையால. விலாவுல ஒரே அடி."

அதைச் சொல்லும் தைரியம் என்னிடம் இருந்ததே இல்லை. என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

"அப்ப ஸ்கேன் பொறவு பாத்துக்கிடலாம்" என்று டாக்டரம்மா உடனே அதன் நெஞ்சில் ஊசியைக் குத்திக் காற்றை வெளியே இழுத்தார். பைய பைய மூச்சு சீரானது. ஜிம்மி பிழைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கிரேஸ் அசனத்துக்கு என்னோடு வரவில்லை. பல நாள் பேசவும் இல்லை. பிறகு ஒருநாள், "உண்மையச் சொன்னீயளே, அதுக்காவத்தான் இந்த வீட்ல இருக்கேன்" என்றாள்.

ஆனால் அந்தக் கை என்னை விடவில்லை. ஜெபிக்கக் கண்ணை மூடினால் முதலில் அதுதான் வெள்ளையாக வந்து நிற்கிறது. ஆராதனையில் எல்லோரும் கைகளை உயர்த்தும்போது நான் மட்டும் மடியிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒருமுறை துதித்துக் கையை உயர்த்தினேன். ஜிம்மி பாய்ந்து கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டது. அன்றோடு விட்டுவிட்டேன்.

பிரியமானவர்களே, நீங்கள் ஒளித்து வைத்திருப்பதை ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் நம்பிப் போங்கள்.

இப்போது கையை விரித்துத் தரையில் வைத்துத்தான் ஜெபிக்கிறேன். ஜிம்மி வந்து அதை மோந்து பார்க்கும். பிறகுதான் பக்கத்தில் படுக்கும். நேற்றும் மோந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தது.