ரெண்டாம் கியரில் ஒரு முழங்கால்

காலி வண்டி

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பஸ்ஸைப் பார்த்தபோது டிரைவர் பக்கத்துப் பானட்டின் மேல் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. என் கோபம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கிளட்சை மிதித்து ஒன்றிலிருந்து அஞ்சு வரை எல்லா கியரையும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பிரேக்கை மிதித்தார். ஏர் பிரஷர் சரியாக இருந்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லியேப்பா. கியர் ஸ்லிப் ஆயிடுச்சுன்னு சொன்னியாமே, எங்க ஆவுது?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஓனர் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

செம்மண்டலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தம்பி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, பசங்க போன்ல ரேஸ் கார் வீடியோ பாத்துட்டு வந்து கேக்குறாங்க. வேகமா கியர் மாத்துறத பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். கடலூர் – சிதம்பரம் ரூட்டில் இருபத்தாறு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவன் நான். எழுதித் தருகிறேன். ஆனால் அவர் கேட்டதோடு இது நிற்காது.

கியர் இறக்குவது

நான் கியர் கற்றது, பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போன ஒரு பழைய லாரியில். அதில் லீவரை நினைத்தபடி தள்ளிவிட முடியாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி ரேஸ் கொடுக்க வேண்டும். மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். இதுதான் டபுள் கிளட்ச். எஞ்சின் வேகமும் அந்தக் கியருக்கு வேண்டிய வேகமும் ஒன்றாக வந்தால் லீவர் தானாகவே உள்ளே போகும். வராவிட்டால் பல் கடிக்கிற சத்தம் பெண்ணாடம் வரை கேட்கும். இத்தனையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் முடிய வேண்டும்.

வளைவில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். பிரேக்கும் வேண்டும், ரேஸும் வேண்டும், வலது கால் ஒன்றுதான் இருக்கிறது. பாதத்தின் முன்பகுதியைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தட்ட வேண்டும். இதற்கு ஹீல் அண்ட் டோ என்று பெயராம். பெயர் தெரியாமலே இத்தனை வருஷம் செய்திருக்கிறேன்.

வீடியோவில் எல்லோரும் கியரை மேலே ஏற்றுகிறதைத்தான் காட்டுகிறார்கள். கையை வெடுக்கென்று இழுப்பதும் எஞ்சின் அலறுவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏற்றுவதற்கு அவ்வளவு வித்தை ஒன்றும் வேண்டாம். இறக்குவதற்குத்தான் வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே ரெண்டாவது கியர் விழுந்திருக்க வேண்டும். விழுந்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் கூட மாட ஒத்தாசைக்குத்தான். மழை ரோட்டில் பிரேக்கை மட்டும் நம்பினால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

இப்போது லீவர் எங்கே போகும் என்பதைக் கவனியுங்கள். மூணும் நாலும் நேர் கோட்டில். அஞ்சு என் பக்கம். ஒண்ணும் ரெண்டும் இடது பக்கம், அதாவது எஞ்சினை மூடியிருக்கும் பானட்டின் ஓரம். ரெண்டு போட வேண்டுமென்றால் லீவரை இடதுபுறம் சாய்த்துப் பின்னால் இழுக்க வேண்டும். அதற்கு ஒரு ஜாண் இடம் வேண்டும்.

பானட்

அந்த ஒரு ஜாணில்தான் ஓனர் ஆள் உட்கார வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டேன். "பானட்டுல இவ்ளோ பேர ஏத்துனா ரெண்டு போட கஷ்டமா இருக்கும் சார்."

"நல்ல டிரைவருன்னு சொன்னாங்களேன்னு உன்ன எடுத்தேன்" என்றார் அவர். "முன்னாடி இருந்தவன் ஓட்டலையா? ஓரமா ஒக்காருவாங்க, நீ பாத்து போடு."

பாத்து போடு. ரோட்டைப் பார்ப்பதா, பெண்பிள்ளைகள் முழங்காலைப் பார்ப்பதா?

ஆனால் நானும் பழகிக்கொண்டேன். எனக்குப் பின்னால் எட்டு நிமிஷத்தில் இன்னொரு கம்பெனி பஸ். அவன் முந்திவிட்டால் எங்களுக்கு ஆள் கிடைக்காது. ஒவ்வொரு வளைவிலும் ரெண்டைப் போட்டு, வெளியே வந்ததும் மூணு, நாலு என்று ஏற்றி அவனை விடாமல் ஓட்டினேன். "மாமா ஓட்டுனா பஸ்ஸு பறக்கும்" என்று கண்டக்டர் சேகர் சொல்வான். அதைக் கேட்டு மீசையை முறுக்கினவன்தான் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பானட்டில் லீவரை ஒட்டிய இடத்தில் தினமும் உட்காருகிறவர் ஸ்டெல்லா. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு புதுச்சத்திரம். எங்களுக்கெல்லாம் சிஸ்டர். முதல் வாரம் அவர் முழங்காலில் நாலைந்து முறை லீவர் இடித்திருக்கும். "பரவால்லண்ணே" என்பார். அப்புறம் இடிக்கவில்லை. ஏன் என்று கவனித்தேன். நான் நியூட்ரலில் ரேஸ் கொடுத்ததும் அவர் முழங்காலை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்வார். ரெண்டு விழுந்து, மறுபடி மூணு போட்டதும் கால் பழைய இடத்துக்கு வரும். தலையை நிமிர்த்த மாட்டார், பேச்சை நிறுத்த மாட்டார், ஜபமாலை உருட்டினால் அதையும் நிறுத்த மாட்டார். என் டபுள் கிளட்சில் அவருடைய முழங்காலும் ஒரு பாகமாகிவிட்டது.

"சிஸ்டருக்கு லைசென்ஸ் வாங்கிடலாம்" என்று சேகர் கிண்டல் செய்வான். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு பெண் தன் எலும்பைக் காப்பாற்றிக்கொள்ள எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், இதில் சிரிக்க என்ன இருந்தது?

நடவு மாதம்

அந்த வாரம் அவருக்கு நைட் டியூட்டி. காலையில் சிதம்பரத்தில் ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்குவார். நாலு வழிச் சாலை வருவதற்கு முந்தைய பழைய ரோடு. நடவு நேரம். டிராக்டர்கள் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு வயலிலிருந்து ஏறி ரோடெல்லாம் சேற்றை அப்பிவிட்டுப் போயிருந்தன. அதன்மேல் தூறல்.

பானட்டில் ஆறு பேர். பி.முட்லூர் தாண்டியபோது திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் லீவரை ஒட்டி இருந்தது.

பார்த்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. எழுப்பியிருக்கலாம். சேகரை விட்டு வேறு இடத்தில் உட்கார வைத்திருக்கலாம். ராத்திரி பூரா நின்றவர், தூங்கட்டும் என்று பாவம் பார்த்தேன். சத்தம் கேட்டால் கால் தானாக நகர்ந்துவிடும் என்றும் நினைத்தேன். பின்னால் மற்ற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

வளைவு வந்தது. நாலிலிருந்து மூணு இறக்கினேன். மூணிலிருந்து நியூட்ரல், ரேஸ் கொடுத்தேன், கிளட்சை மிதித்து லீவரைச் சாய்த்தேன். எலும்பில் இடித்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. கால் நகரவில்லை. மறுபடி மூணையே போட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு தரம் அழுத்தினேன்.

அதற்குள் வளைவுக்குள் வந்துவிட்டோம். வண்டி நியூட்ரலில் இருக்கிறது, எஞ்சின் பிடி இல்லை. பிரேக்கை மிதித்தேன். பின்பக்கம் சேற்றில் வழுக்கிக்கொண்டு போய் மதகுக் கட்டையில் மோதியது. பானட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிஸ்டர் மேல் விழுந்தார்கள். அவருடைய முழங்கால் லீவருக்கும் பானட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு பெரியவருக்குக் கை உடைந்தது. நாலைந்து பேருக்குத் தையல். சிஸ்டரின் முழங்கால் சில்லு நொறுங்கிப் போயிற்று.

எழுதிக் கொடுத்தது

மறுநாள் ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதியே வைத்திருந்தார்.

"பானட்டுல ஆறு பேருன்னு நீ வாயத் தொறந்தா பர்மிட்டு போயிடும். உன் லைசென்ஸும் போயிடும். அந்தப் பொண்ணு தூங்குச்சு, அது உண்மைதான?"

"தூங்குனாங்க சார்."

"தூங்கி லீவர் மேல சாஞ்சுடுச்சு. கியர் ஸ்லிப் ஆயிடுச்சு. அவ்ளோதான். இதுல இன்னா பொய் இருக்கு? கையெழுத்துப் போடு."

போட்டேன். ஸ்டேஷனிலும் அதையே சொன்னேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தது அதற்கு அடுத்த நாள். "சார், இங்க ஆறு பேர ஒக்கார வெச்சுட்டு ரெண்டு போட்டுப் பாருங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அப்போது ரெண்டு பிள்ளைகள் காலேஜில். எல்லாக் கோழைக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும்.

மூணு மாதம் கழித்துப் புதுச்சத்திரம் ஸ்டாப்பில் ஸ்டெல்லா சிஸ்டர் கம்பு ஊன்றி நின்றிருந்தார். ஏறவில்லை. என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"கோதண்டண்ணே, நான் லீவர் மேல சாஞ்சேன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"என்னாலதான் பஸ்ஸு மோதுச்சுன்னு ஊரே பேசுது. கை ஒடஞ்ச பெரியவரு இருக்காரே, அவரு வூட்டு ஆளுங்க எங்க வாசல்ல வந்து நின்னு எங்க அம்மாவ கேக்காத கேள்வி கேட்டாங்க. கோயிலுக்குப் போனா பக்கத்துல ஒக்கார மாட்றாங்க. நான் தூங்குனேண்ணே. சாயல. ஒக்காந்த எடத்துலதான் ஒக்காந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர்" என்றேன்.

"அப்ப ஏண்ணே?"

பின்னால் மற்ற பஸ் வந்து ஹாரன் அடித்தது. "மாமா, டைம் ஆவுது, எடு" என்றான் சேகர். பானட்டில் அன்றைக்கும் ஆறு பேர். லீவரை ஒட்டி ஒரு காலேஜ் பெண். நான் எஞ்சினை நிறுத்தினேன். சாவியை எடுத்துச் சேகரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவன் பின்னால் கத்திக்கொண்டே வந்தான்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்த் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பானட்டில் ஆறு பேர், ரெண்டாம் கியர் போட இடமில்லை, அந்த அம்மா சாயவில்லை, தூங்குவதைப் பார்த்தும் நான் எழுப்பவில்லை, முன்பு சொன்னது பொய். எழுதி வாங்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்ப வந்து உனுக்கு நீயே குழி தோண்டிக்கிறியே" என்றார். லைசென்ஸைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஓனர் வேறு ஆளைப் போட்டார். அவர் பர்மிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எழுதின காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு கை உடைந்த பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று நின்றேன். அது ஸ்டெல்லாவின் வாசலில் நடப்பதைவிட அங்கே என் மேல் நடப்பதுதான் நியாயம்.

கடைசியாக ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். நகலை வாங்கிப் படித்தார். மடித்து பைபிளுக்குள் வைத்தார்.

"தேங்க்ஸ்லாம் சொல்ல மாட்டேண்ணே" என்றார். "இத நீங்க மொத நாளே சொல்லிருக்கணும்."

சரிதான். அவருக்கு இப்போது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற வேலை. வார்டு வேலைக்கு முழங்கால் மடங்காது.

போன வாரம்

ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனேன். தனியார் பஸ். முன் சீட்டு கிடைத்தது. ரோடு அகலமாகிவிட்டது, வண்டி புதுசு, டிரைவர் சின்ன வயசு. நல்ல கை. கியர் இறக்கும்போது ஒரு துளி சத்தமில்லை. இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று ரசித்துக்கொண்டுதான் வந்தேன்.

பானட்டில் அஞ்சு பேர். லீவரை ஒட்டி ஒரு பெண், இருபது வயசு இருக்கும். காதில் ஹெட்போன், மடியில் புத்தகம். சர்வீஸ் ரோட்டில் இறங்கும்போது டிரைவர் ரேஸ் கொடுத்தான். அந்தப் பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முழங்காலை மட்டும் அந்தப் பக்கம் ஒதுக்கினாள். ரெண்டு விழுந்தது. காது அடைத்திருக்கிறது, பானட் அதிர்வதை வைத்தே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"எழுந்திரும்மா!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் சீட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பெருசு, ஏன் டென்ஷன் ஆவுற?" என்றார் கண்டக்டர். அடுத்த ஸ்டாப்பில் குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணிடம் அதே இடத்தைக் காட்டி, "இங்க ஒக்காரும்மா, எடம் இருக்கு" என்றார்.

டிரைவர் தம்பிகளே, நீங்கள் கேட்ட வித்தையை மேலே எழுதிவிட்டேன். டபுள் கிளட்சைப் பழகுங்கள், காலால் ரேஸ் கொடுக்கப் பழகுங்கள். ஆனால் வண்டியை எடுக்கும் முன்பு, நிற்கும்போதே ஒரு முறை ரெண்டாவது கியரைப் போட்டுப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் மாதிரி காலி வண்டியில் வேண்டாம், ஆள் ஏறிய பிறகு போட்டுப் பாருங்கள். லீவர் யார் காலிலாவது பட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிடுங்கள். கத்துகிறவன் கத்தட்டும், சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது.