நீலம் பாரித்த குழாய்

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் குழாய் வேலை பார்ப்பவரை எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அந்த வருடம் அவர் உயிரை எடுத்தவை, சேற்றைச் சூடாக்கும் அறையிலிருந்த குழாய்கள். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் சில வாரங்களில் உள்ளே ஏதோ படிந்து வழியை அடைத்துவிடும். உளியால் தட்டித் தட்டி அவருக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. பெயர்த்து வெளியே போட்டாலோ, சாம்பல் வெள்ளையாக இருந்தது வெயில் பட்டதும் மயில்கழுத்து நீலமாகிவிடும். எவனோ சாயக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறான் என்று முடிவுகட்டி மேலாளரிடம் போய்ச் சொன்னார்.

மேலாளர் வந்தார். அவர் கண்ணெதிரே குழாயைத் திறந்தால் உள்ளே எல்லாம் வெள்ளை.

“எங்கய்யா நீலம்?”

கொஞ்ச நேரம் வெயிலில் கிடக்கட்டும் சார் என்று இவர் கெஞ்சினார். மேலாளருக்குக் கூட்டம் இருந்தது, போய்விட்டார். மதியத்துக்குள் அத்தனையும் நீலம் பாரித்துவிட்டது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினால், அவர் விடுமுறையில் கிளம்பியிருந்தார். ஜன்னலோரம் பத்திரமாக வைத்த அந்தத் துண்டு, அவர் திரும்புவதற்குள் வெடித்துக் கரிக்கட்டையாகக் கறுத்துப் போயிருந்தது.

“அன்னிக்கு வெள்ளை, இன்னிக்குக் கறுப்பு. நீலம் உங்க கண்ணுலதான் இருக்கு,” என்றார் மேலாளர்.

அதிலிருந்து, “இன்னிக்கு என்ன கலருண்ணே?” என்று காவலாளிகூடக் கேட்க ஆரம்பித்தார். ஸ்பேனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் புதிதாகப் பெயர்த்த துண்டு ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி ஆய்வுக்கூடத்து அம்மாவிடம் கொண்டுபோனார். அந்த அம்மா அதை உடைத்து ஒரு பாதியை ஜன்னலிலும் மறுபாதியை இழுப்பறையிலும் வைத்தார். சாயங்காலம் ஜன்னல் பாதி நீலம், இழுப்பறைப் பாதி அப்படியே வெள்ளை. அது விவியனைட் என்ற தாது என்றார். காற்றுப் படாத சேற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து உண்டாவது. சதுப்புக் களிமண்ணில், புதைந்த எலும்பில்கூடப் பூக்குமாம். வெளிச்சம் பட்டால் அதிலிருக்கும் இரும்பு மாறிப்போய் நிறம் ஏறும். நகத்தால் கீறினாலே கோடு விழுகிற மென்மைதான். ஆனால் சூடான குழாயில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டால் உளியைக்கூட மதிக்காது.

“பாஸ்பேட்டு சாக்கடையில வருது, சரிம்மா. இரும்பு ஏது?”

“மேல் தொட்டியில மருந்து ஊத்துறாங்களே, அது இரும்பு உப்புதான்.”

மருந்து ஊற்றுவது வேறு யாருமில்லை, ஸ்பேனரின் தங்கை புருஷன். தினமும் ஒரே வண்டியில் வந்துபோகிறவர்கள். அன்று ஸ்பேனர் தங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்.

“நான் உளியோட மல்லுக்கட்டுறது நீங்க ஊத்துற மருந்தாலதான் மாப்ள.”

“நான் நிறுத்தினா பாஸ்பேட்டெல்லாம் ஏரிக்குப் போகும். பாசி பிடிச்சு மீன் செத்து மிதக்கும். ஊத்தச் சொன்னா ஊத்துறேன் மச்சான். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

“சாக்கடையை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க,” என்று தங்கை டீயை வைத்துவிட்டுப் போனாள். ஸ்பேனர் அதைத் தொடவில்லை. மாப்பிள்ளை சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். யார் மேலும் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது.

ஆய்வுக்கூடத்து அம்மா பேசியபின், அமிலம் விட்டுக் கழுவ மேலாளர் அனுமதித்தார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. அமிலத்தில் அது கரைந்துதான் போனது. ஆனால் நெடி தொண்டையை அறுத்தது, முகமூடிக்குள் வியர்த்து ஊற்றியது. சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் படிவது குறையுமே என்று கேட்டதற்கு முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். சில வாரங்களில் குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது.

அடுத்த தடவை கழுவும்போது மாப்பிள்ளை தன் விடுமுறை நாளில் வந்து, தண்ணீர் அடிக்கும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கத் தெரியாமல் பாதித் தண்ணீரை மச்சான் மேலேயே அடித்தார். ஸ்பேனர் அவரைத் திட்டிக்கொண்டே வேலையை முடித்தார்.