வளையல் ஏறாத கை

அந்தக் கண்ணாடி வளையல் பெருவிரல் மேட்டைத் தாண்டவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில், என் அத்தை மகளின் மாமியார் வீட்டில் அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. கல்யாணத்துக்குச் சுலபமாக ஏறிய அதே அளவுதான். சோப்பைத் தேய்த்து அமுக்கியும் ஏறவில்லை. "கன்னமெல்லாம் பூசுனாப்புல எப்படி மினுங்குது பாருங்க" என்று பெண்கள் சிரித்தார்கள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கோ எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு கை எப்படி இதற்குள் இவ்வளவு பெரிதாகும்?

சந்தனம் பூசும் சாக்கில் அவள் காலருகே உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது; விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. வேறு இடத்தில் அழுத்தினேன். அங்கும் குழி. மாசமாக இருந்தால் கால் வீங்கும், சரி. கையும் முகமுமா? அவள் குனிந்து என் காதில், "தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குதுங்கக்கா. கண்ணு முன்னால பூச்சி பறக்குது" என்றாள். அதைத் திருஷ்டி என்று சொல்லிச் சுற்றிப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் காட்டவில்லையா என்று மாமியாரைக் கேட்டேன். "வயசக் கேப்பாங்களே சாமி" என்றார். பிளஸ் டூ பாதியில் அவசரமாகக் கட்டிக்கொடுத்த பெண். விசாரிக்க வந்த நர்சம்மாவிடமும் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட்டு, வந்த காரிலேயே அவளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "உனக்கு என்ன வயசும்மா?"

"இருபதுங்க" என்று மாமியார் முந்திக்கொண்டார்.

அவள் தலையை நிமிர்த்தி, "பதினேழுங்க" என்றாள்.

வளர்ந்து முடியாத உடம்பில் ரத்தம் குறைவதும் இப்படி அழுத்தம் ஏறுவதும் அதிகம், வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். அன்றைக்கே சேர்த்து மருந்து ஏற்றினார்கள். நாள் நிறையும் முன்பே குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் அந்தச் சின்னஞ்சிறு பெண்ணைப் பிழைக்க வைத்தார்கள். வயதைப் பற்றி விசாரிக்க அதிகாரிகளும் வந்தார்கள், வீடே நடுங்கியது.

இன்று அவள் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆபீசில் வேலை பார்க்கிறாள். மகள் பள்ளிக்குப் போகிறாள். நெடுநாள் என்னைக் குடைந்த சந்தேகத்தைப் போன மாதம் கேட்டேவிட்டேன். மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே உண்மையைச் சொல்ல அன்றைக்கு எப்படித் துணிந்தாய்?

"துணிச்சலெல்லாம் இல்லீங்கக்கா. எல்லாரும் வயித்தப் பாத்தாங்க, நீங்க காலப் பாத்தீங்க. அந்த டாக்டரம்மா ஒருத்தருதான் என்னையப் பாத்துக் கேட்டாங்க."