மண்டியிட்ட பயணியும் லோர்னாவும்

லோர்னா ஹடாக்குக்கு ஒன்பது வருஷமாக வானத்தில் காப்பி ஊற்றுவதுதான் பிழைப்பு. சிகாகோவிலிருந்து டென்வர், டென்வரிலிருந்து சிகாகோ. கூடப் பணிப்பெண்ணாகப் பறந்த எனக்குக் கால் கடுத்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். சிரிக்காவிட்டால் புகார் போகும்.

அந்த வருஷம் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் விமானப் பணிப்பெண் காதல் படம்தான். கடைசியில் பயணி ஒருவன் மோதிரம் நீட்டுவான், அவள் தலையாட்டுவாள், சுபம். மறுநாள் அவளுக்கு வேலை போகும் என்பதை ஒரு படமும் காட்டித் தொலைக்கவில்லை. எங்கள் கம்பெனியில் கல்யாணமானவள் பறக்கக் கூடாது. லோர்னா வால்ட்டைக் கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு மட்டும் தெரியும். அவன் வேலை பார்த்த இறைச்சிக்கூடத்தை மூடியதிலிருந்து அவனுக்கு வேலையில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

பயணிகள் கல்யாணப் பேச்சு எடுத்தால் நாங்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம்: "இறங்கினதும் கேளுங்க சார்." இறங்கிய பிறகு எவன் கேட்டான்? அன்றும் லோர்னா, குளிர்சாதனப் பெட்டி விற்கும் ஒருவனிடம் அப்படித்தான் சொல்லிவைத்தாள். சிகாகோவில் விமானம் நின்றதும் அவன் நடைவழியில் மண்டியிட்டுவிட்டான். கையில் மோதிரம்.

"இறங்கிட்டோம் கண்ணு, இப்ப கேக்கறேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். எங்களைச் சோதிக்கப் பின்வரிசையில் வந்திருந்த மேற்பார்வையாளர் மிஸ் க்ரம்முக்கு வாயெல்லாம் பல். "சரின்னு சொல்லும்மா. போட்டோக்காரனக் கூப்பிடறேன், நாளைக்குப் பேப்பர்ல வரட்டும்."

"சும்மா தலையாட்டுடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று லோர்னாவின் காதில் சொன்னேன்.

"வால்ட் பேப்பர் படிப்பாருடி" என்றாள்.

பிறகு அவனிடம் குனிந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான். "எந்திரிங்க சார், முட்டி வலிக்கும். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"படத்துல சரின்னுதானே சொல்வாங்க?" என்றான் அவன், பாவம்.

மிஸ் க்ரம் அங்கேயே கையை நீட்டினாள். லோர்னா மார்பிலிருந்த கம்பெனியின் இறக்கைச் சின்னத்தைக் கழற்றிக் கொடுத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். வால்ட் கதவைத் திறந்து, "என்ன, ஒரு மாதிரி இருக்க?" என்றான்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம் வால்ட்" என்றபடி ஷூவைக் கழற்றினாள். "வேலை போச்சு."