சொம்பில் வந்த அக்கா

கஞ்சி மொடமொடப்புப் போகாத புதுச் சீட்டித் துணியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினால் ஒரு வாசனை வரும். எனக்குத் தை மாதம் என்றால் அந்த வாசனைதான், அம்மா என்றாலும் அந்த வாசனைதான்.

அறுபதுகளில் பென்னலூர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு அரைக்காணி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. நான் பிறக்கும் முன்பே, ஏழு வயதில் அம்மை வார்த்து இறந்துபோன என் அக்கா வள்ளியை அந்தக் கிணற்றங்கரையில்தான் புதைத்திருந்தார்கள். கன்னியாகப் போனவளைப் ‘பூவாடைக்காரி’ என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பொங்கலுக்கு மறுநாள் அந்தக் கிணற்றில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் அந்தத் தண்ணீரோடு வீட்டுக்கு வருவாள். அம்மா புதுப்பாவாடைக்கு மஞ்சள் தடவி வைத்துப் படைப்பாள். எங்கள் வீட்டில் சொம்பைச் சுமப்பது வயசுக்கு வராத பெண். விளக்கோடு முன்னால் நடப்பது பெற்றவள். வீடு சேரும்வரை யாரும் பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் வருகிறவள் அங்கேயே நின்றுவிடுவாளாம்.

வருஷம் முழுக்க உம்மென்று இருக்கும் அம்மா வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒருநாள்தான். எனக்கோ வயிற்றெரிச்சல். உயிரோடு இருப்பவள் நான், உடுத்துவது அக்காவுக்குப் படைத்த போன வருஷப் பாவாடை! கேட்டால், “அவ ஒரு நாளு வர்றா, நீ தெனம் கீற. உனக்கு இன்னாடி கொற?” என்பாள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் வரப்பில் கால் வழுக்கி, சொம்புத் தண்ணீர் முழுக்கக் கொட்டிப்போனது. முன்னால் போன அம்மா திரும்பவில்லை, திரும்பவும் மாட்டாள். பக்கத்தில் ஓடிய ஏரிக் கால்வாயில் சொம்பை முக்கியெடுத்து, விழுந்த பூவை மறுபடி சுற்றி, ஒன்றும் நடக்காதவள்போல் பின்னால் நடந்தேன். அன்று மாலை அம்மா அந்தச் சொம்பின் முன் உட்கார்ந்து, “வந்துட்டியாடி கண்ணு? எளச்சுட்டியே! கொழுக்கட்ட துன்னுடி” என்று பேசிக்கொண்டே இருந்தாள். அடிப்பாளே என்ற பயத்தைவிட, அந்தச் சிரிப்பு போய்விடுமே என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது.

அம்மா பாட்டியானாள், என் மகள் சொம்பு சுமந்தாள். பிறகு தொழிற்சாலைக்கென்று நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். கிணற்றைத் தூர்த்து மதில் எழுப்பினார்கள். அந்தப் பொங்கலுக்குப் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு, “வழிய அடச்சுட்டாங்களே, எம்பொண்ணு எப்படிடி வூட்டுக்கு வருவா?” என்று அம்மா அழுதபோது, ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று என் பாழும் வாய் திறந்தது.

“அவ எந்தத் தண்ணியிலயும் வருவாம்மா. ஒரு வருசம் கெணத்துத் தண்ணி கொட்டிப்போயி, நான் கால்வாத் தண்ணிதான் கொண்டாந்தேன். நீ அன்னிக்கெல்லாம் அவகூடப் பேசலியா?”

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்போ அன்னிக்கு நான் யாராண்டடி பேசிகினு இருந்தேன்?”

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பாவாடையை எடுத்துத் தகரப்பெட்டியில் வைத்து மூடினாள். அதற்குப் பிறகு அவள் படைக்கவும் இல்லை, அக்காவின் பெயரைச் சொல்லவும் இல்லை. மறுவருஷம் போய்ச்சேர்ந்தாள்.

இப்போது அந்த மதிலோரம் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கிணறு எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. தகரப்பெட்டி மட்டும் என்னிடம் இருக்கிறது. தை பிறந்தால் திறந்து அந்தப் பாவாடையை முகர்ந்து பார்ப்பேன். கஞ்சி வாசனை லேசாக இருக்கிறது. மஞ்சள் வாசனை இல்லை. அம்மா அதற்கு மஞ்சள் தடவவே இல்லை.