கடலுக்குள் இறங்கிய டவுன் பஸ்

ஓவர்சியர் வேலைக்கு வரும் தம்பிமார்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் தகவல் இது: ஒரு டவுன் பஸ்ஸின் பின்சக்கரம் கடல் மணலில் புதையும்போது 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும். இதை எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தருவதில்லை. நான் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டது மட்டுமா, அந்தச் சத்தத்துக்கு எஸ்டிமேட் போட்டு, பிளான் வரைந்து, அடியில் கையெழுத்தும் போட்டவன் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாக ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடப்பதுபோல் நடந்து காட்டுகிறார்கள். அங்கே நான் புது ஓவர்சியர். சொந்த ஊர் நாசரேத்துக்கு மேற்கே செம்மண் தேரிக்காடு. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு. காலையில் கிணறு எங்கே இருந்ததோ, சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கும். நடந்த கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

1. தேரிக்காட்டான் அளந்த இடம்

எங்கள் எல்லையில் சிலுவைத்துறை என்று ஒரு மீனவர் குடியிருப்பு. பெண்கள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை மூன்று மைல் நடந்து, அங்கே ஏதாவது லாரி நின்றால் ஏறி, தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போவார்கள். போய்ச் சேரும்போது மீனும் வாடியிருக்கும், விலையும் வாடியிருக்கும். பஸ் வேண்டும் என்று வருஷக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் போக்குவரத்துக் கழகம் இறங்கி வந்தது. பஸ் விடுகிறோம், ஆனால் ரோட்டையும், கடைசி ஸ்டாப்பில் வண்டி திரும்புவதற்கு எண்பதடி வட்டத்தில் ஒரு இடத்தையும் பேரூராட்சி தர வேண்டும். ஜில்லாவிலிருந்து கிராண்டும் வந்துவிட்டது. மார்ச் மாதத்துக்குள் சோதனை ஓட்டம் முடிந்து, டிராஃபிக் இன்ஸ்பெக்டர் 'சரி' என்று எழுதாவிட்டால் கிராண்ட் லாப்ஸ். பஸ்ஸும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. பஸ்ஸில் மீன்கூடை ஏற்றக் கூடாது என்று டிப்போவில் விதி. மீன் விற்கும் பெண்களுக்காக விடும் பஸ்ஸில் மீனுக்கு இடமில்லை. அதற்கும் அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். 'விதியில் இடமில்லை' என்ற ஒரே பதில், ஒவ்வொரு மனுவோடும் குண்டூசி குத்தி ஃபைலில் இருந்தது. நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். ரோடு ஏற்கெனவே போட்டாயிற்று. என் வேலை வட்டம் போடுவது.

அமாவாசைக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்குச் சிலுவைத்துறைக்குப் போனேன். மாதா கோயிலுக்குத் தெற்கே நல்ல மைதானம் ஒன்று இருந்தது. ஆனால் முழுக்க வலை காயப்போட்டிருந்தார்கள். அதற்குக் கிழக்கே பார்த்தால், அடடா! ஒரு குப்பை இல்லை, செடி இல்லை, ஆள் இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி கெட்டியான ஈர மணல். இவ்வளவு நல்ல இடத்தை இத்தனை வருஷமாக யாரும் ஏன் பயன்படுத்தவில்லை என்று வியந்தேன். அந்த வியப்பை ஒரு கேள்வியாகக் கேட்டிருக்கலாம். ஓவர்சியர் கேள்வி கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மீன்காரப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்த ரோசம்மா அக்கா வந்து வாங்கிக்கொண்டார். டேப்போடு கடலைப் பார்த்து நடந்தார்.

"இன்னும் போவட்டா சார்?"

"போங்க, போங்க."

"இன்னுமா?"

"அட, போங்கம்மா."

போனார். பின்னால் நின்ற பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் அன்றைக்குப் புதுசாகத் தைத்த பெல்பாட்டம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் கூச்சப்பட்டு, கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன்.

"அப்ப இங்கனதான் பஸ்ஸு திரும்புமா?" என்றார் ரோசம்மா அக்கா.

"ஆமா."

"கடல்ட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கடல் பேரூராட்சி எல்லைக்குள்ள வராதும்மா."

"வராதா?" என்று கேட்டுவிட்டு அவர் மற்ற பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏளா, கேட்டுக்கிட்டியளா? வராதாம்."

அவர்கள் மறுபடி சிரித்தார்கள். நான் குனிந்து பெல்பாட்டத்தைச் சரிசெய்துகொண்டேன்.

2. நல்ல நாள்

வட்டத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கல் புதைத்தாயிற்று. அசையாமல் நிற்கட்டும் என்று, தலை மட்டும் வெளியே தெரிய ஆழமாகவே புதைத்தேன். பிளானை மை போட்டு வரைந்து, ஓரத்தில் வடக்கு திசைக்கு ஒரு அம்புக்குறியும் போட்டேன். அந்த அம்புக்குறி மட்டும் இன்று வரை சரியாக இருக்கிறது.

சோதனை ஓட்டத்துக்கு என்றைக்கு வருவது என்று எங்கள் ஈ.ஓ., அதாவது பேரூராட்சி நிர்வாக அதிகாரி, ஊர்க்காரர்களிடம் கேட்டார். ரோசம்மா அக்கா முந்திக்கொண்டார்.

"வார பௌர்ணமிக்கு வாங்கய்யா. மத்தியானம் ஒரு மணிக்கு. நல்ல நாளு."

ஜெபமாலை போட்ட வேதக்கார அம்மா பௌர்ணமி பார்த்து, நேரமும் சேர்த்துக் குறித்துக் கொடுக்கிறார். தேரிக்காட்டில் மேயும் ஆட்டுக்குக்கூட இதில் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. 'ஆகா, என்ன ஒரு மத நல்லிணக்கம்' என்று நெகிழ்ந்துபோய் டைரியில் எழுதிக்கொண்டேன்.

3. பொளக்

பௌர்ணமி மத்தியானம் வாழைமரம் கட்டிய பஸ் வந்தது. முன்சீட்டில் மாலையோடு ஈ.ஓ. பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் டிராஃபிக் இன்ஸ்பெக்டர் சுந்தரம். ஸ்டியரிங்கில் டிரைவர் பிச்சாண்டி அண்ணாச்சி. நான் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வழிகாட்டி. கையில் பிளான்.

வட்டத்தின் பாதி கரையில் இருந்தது. மீதிப் பாதியைக் காணவில்லை. அதன்மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் என் சுண்ணாம்புக் கற்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அந்த மட்டுக்கும் வேலை சுத்தம்.

பிச்சாண்டி அண்ணாச்சி பிரேக் போட்டார். "என்ன வே, இது பஸ்ஸு. தோணி இல்ல."

இந்த இடத்தில் நான், 'ஐயா, தப்பு நடந்துபோச்சு' என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே ஈ.ஓ. மாலையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் தானாகப் பேசியது.

"ரெண்டு விரக்கடைத் தண்ணிதான் அண்ணாச்சி. கீழ கெட்டி மணல். நான் அளந்திருக்கேன்."

"எத்த அளந்தீரு? தண்ணியவா?"

"பிளான்ல இருக்கு."

அண்ணாச்சி இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பிளானைப் பார்த்தார். "பிளான்ல இருந்தா போ வே" என்றார். ஆபீசில் வேலை பார்க்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

வண்டி போயிற்று. பாதி வட்டம் ராஜநடை. அப்புறம் பொளக்.

பின்சக்கரம் புதைந்து, பஸ் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி எஞ்சினை முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. அலை ஃபுட்போர்டைத் தாண்டி உள்ளே வந்து, டிக்கெட் வாங்காமல் திரும்பிப் போனது.

கரையில் நின்ற ஆண்கள் ஓடிவந்தார்கள். தினம் வள்ளத்தை இழுத்துக் கரையேற்றுகிறவர்கள். பஸ் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இருபது பேர் தோள் கொடுத்தார்கள். அப்போது கரையிலிருந்து ரோசம்மா அக்காவின் குரல் வந்தது.

"ஏலே, கையை எடுங்க!"

இருபது பேரும் கையை எடுத்தார்கள்.

அக்கா முழங்கால் தண்ணீரில் நிதானமாக நடந்து வந்தார். "இன்ஸ்பெட்டரய்யா, ஒரு சின்ன சந்தேகம். இந்த பஸ்ஸுல மீன்கூடை ஏத்தலாமா?"

"அது இப்ப எதுக்கும்மா? மொதல்ல தள்ளச் சொல்லு."

"சொல்லுதேன். கூடை?"

"விதியில இடமில்லம்மா."

"அப்பம் சரி. பஸ்ஸு தள்ளுததுக்கு எங்க விதியிலயும் இடமில்ல. ஏலே, போய்ச் சோறு தின்னுங்க."

அவர்கள் உண்மையிலேயே போகத் திரும்பினார்கள். ஒரு பெரிய அலை வந்தது. வாழைமரம் ஒன்று கழன்று இலங்கைப் பக்கமாகப் புறப்பட்டது.

"சார், சட்டுன்னு சொல்லுங்க" என்றார் பிச்சாண்டி அண்ணாச்சி. "இன்னும் செத்த நேரம் போனா என் லைசென்சு செல்லாது. மாலுமி லைசென்சு கேப்பான்."

ஈ.ஓ. காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு கத்தினார். "எழுதிக் குடுத்துத் தொலையும்யா! என் பூட்ஸுக்குள்ள என்னமோ நீந்துது!"

"வாயால சொன்னா போதாதா?" என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"வாயால சொன்னதக் கேட்டுக் கேட்டு எங்க காது ரொம்பிட்டு. எழுதுங்க."

பஸ்ஸுக்குள் நனையாமல் இருந்த ஒரே காகிதம் என் பிளான். அதைத் தலைக்குமேல் பிடித்திருந்தேன். இன்ஸ்பெக்டர் பிடுங்கி, அதன் பின்பக்கம் எழுதினார். என் பிளானால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

"ஓவர்சியர் சார், வாசிங்க. சத்தமா" என்றார் அக்கா.

"பயணி ஒருவருக்கு மீன்கூடை ஒன்று…"

"ரெண்டு."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். அலை வந்தது. 'இரண்டு' என்று திருத்தினார். ஈ.ஓ. சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை மடித்து, சுருக்குப் பையில் வைத்து, பையை இடுப்பில் செருகினார்.

"ஏலே, தள்ளுங்க."

'ஏலேலோ' என்று ஒரு சத்தம். மூன்றாவது இழுப்பில் பஸ் கரையில் இருந்தது.

4. வலை இல்லாத மைதானம்

இன்ஸ்பெக்டர் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "கூடை எழுதியாச்சு. ஆனா திரும்ப இடமில்லியே. இடமில்லேன்னா ரூட்டே கிடையாது. நான் கையெழுத்துப் போட முடியாது."

மார்ச் முடிய மூன்று நாள்தான் இருந்தது. என்னால் ஒரு ஊருக்கே பஸ் இல்லாமல் போகிறது.

ரோசம்மா அக்கா கையை நீட்டினார். "அந்தா, கோயிலுக்குத் தெக்க. பாருங்க."

பார்த்தேன். எப்போதும் வலை காயும் மைதானத்தில் ஒரு வலை இல்லை. சுருட்டி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். தரையைக் கூட்டி, புழுதி அடங்கத் தண்ணீரும் தெளித்திருந்தார்கள். கோயில் இடம் என்பதால் பங்கு சாமியார் சம்மதித்து எழுதிய கடிதம்கூட அக்காவின் சுருக்குப் பையிலிருந்து வந்தது. பிச்சாண்டி அண்ணாச்சி ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்து, ரிவர்ஸ் போடாமலே ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "இந்த இடத்தை மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பஸ்ஸு மட்டுந்தான் வந்திருக்கும் சார். கூடை?"

"அப்ப பௌர்ணமி?"

"பௌர்ணமி நல்ல நாளுதான சார்?" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

மறுவாரம் எனக்கு மெமோ வந்தது: 'மேற்படி ஸ்தலத்தில் கடல் இருப்பதைத் தாங்கள் ஏன் குறிப்பிடவில்லை?' யோசித்துப் பார்த்து உண்மையையே எழுதினேன்: 'அளவெடுத்த நேரத்தில் மேற்படி கடல் ஸ்தலத்தில் ஆஜராகவில்லை.' ஈ.ஓ. படித்துவிட்டு ஃபைலை மூடச் சொன்னார்.

தம்பிமார்களே, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்தக் கடல் காலையில் வற்றிக் கிடக்கும், மத்தியானம் ஏறி நிற்கும்; கடலோரத்தில் அளக்கப் போனால் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை போங்கள். அதைவிட முக்கியம்: நீங்கள் அளக்கும்போது அந்த இடத்து ஜனங்கள் சிரித்தால், டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு ஏன் என்று கேளுங்கள். பெல்பாட்டமாக இருக்காது.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் வாரம் நானும் ஒருநாள் அதில் தூத்துக்குடி போனேன். உள்ளே கூடைக்கு நடுவில்தான் மனுஷர்கள். ரோசம்மா அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இங்கன உக்காருங்க சார். இது வரைக்கும் கடல் ஏறாது."

உட்கார்ந்தேன். அவருடைய இரண்டாவது கூடையை என் மடியில் வைத்தார். அதிலிருந்து உப்புத்தண்ணீர் பெல்பாட்டத்தில் சொட்டிக்கொண்டே வந்தது. எவ்வளவு என்று நான் அளக்கவில்லை.