மடையான் கூடுகளும் எங்கள் வீட்டுப் படிகளும்

எங்கள் தெரு மரத்தில் மடையான் கொக்குகள் முதன்முதலாகக் கூடு கட்டியது, என் கடைசி நாவலின் அச்சுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த ஆனி மாதத்தில். முழங்கால் வலி தொடங்கியதும் அப்போதுதான். ஆடி பிறப்பதற்குள் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியெங்கும் சுள்ளிக் கூடுகள். கருஞ்சிவப்பு முதுகோடு உட்கார்ந்திருக்கும் பறவை, சிறகை விரித்ததும் வெள்ளையாகிவிடும். புத்தகங்களில் படித்ததை வாசலில் நின்றே பார்க்க முடிந்தது. திருத்த வேண்டிய தாள்கள் மேசையிலேயே கிடந்தன.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி முகூர்த்தங்களுக்கான சேலைகள் தறியேறும் மாதம் அது. விடிந்ததும் பாவு எனப்படும் நெடுக்குப் பட்டிழைகளைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டுவார்கள். அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, வெயிலில் காயவைத்துச் சுருட்டுவார்கள். அந்தப் பாவு மரத்தடியில்தான் போகும். மேலே மடையான்கள்.

எதிர்வீட்டு அம்மாள்தான் முதலில் கூப்பிட்டார். அவரும் அவர் வீட்டுக்காரருமாகத் தறி வைத்திருக்கிறார்கள்.

"சார், இங்க வந்து பாருங்க. உங்க சொந்தக்காரங்க என் பாவுல கோலம் போட்டுகினு கீறாங்க."

அரக்குப் பட்டில் வெள்ளை வெள்ளையாக எச்சம். துடைத்தால் இழை பிசிறும். விட்டால் கறை நிற்கும்.

"குஞ்சு பொரிச்சிருக்கும்மா. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

"பொண்ணு வீட்டுக்காரங்க பொறுப்பாங்களா சார்? கொக்கு போட்ட டிசைன்னு சொல்லிக் குடுக்கவா?"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய வேட்டிகளைத் தைத்து மரத்தடியில் பந்தல்போலக் கட்டினேன். எச்சம் விழவில்லை. வெயிலும் விழவில்லை. நிழலில் கஞ்சி காயாமல் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் பொழுது சாயும்வரை உட்கார்ந்து அவற்றைப் பிரித்தார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளைகளை வெட்டிவிடுவது என்று தெருவில் முடிவானது. குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. கிளை விழுந்தால் அவையும் விழும். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பறவைகளைப் பற்றி நான் எழுதிய பக்கங்களெல்லாம் அந்த வாசல்களில் எதற்கும் உதவவில்லை.

"பாவ மரத்துக்கு அந்தாண்ட ஓரமா நீட்டினா என்ன?" என்று கடைசியாக எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "நீட்டலாம் சார். அந்தாண்ட உங்க வூட்டுப் படிதான் நடு ரோட்டுக்கு வந்துகினு கீது. பாவு நேராப் போவணும், படியச் சுத்திகினா போவும்? கொக்கு மேல அவ்ளோ பாசம்னா படிய இடிங்க."

பின்னாலிருந்து அந்த அம்மாள், "சும்மா இருய்யா, பெரியவரப் போயி" என்றார். ஆனால் அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுக்காரர் கேலியாகச் சொன்னாலும் சொன்னது சரி. தெருவில் துருத்திக்கொண்டிருந்தவை என் வீட்டின் நான்கு கருங்கல் படிகள் மட்டுமே. அப்பா கட்டியவை. வீட்டில் சொன்னபோது மனைவி, "உங்க முட்டிக்கு எந்தப் பறவை தைலம் தேய்க்கும்?" என்று கேட்டாள். நான் கொத்தனாரைக் கூப்பிடப் போனேன். சனிக்கிழமை கொத்தனார் வந்தார். மத்தியானத்துக்குள் படிகளை இடித்து முடித்துவிட்டார். மறுநாள் அரிவாளோடு யாரும் வரவில்லை. குஞ்சுகள் ஆவணியில் பறந்து போயின.

அதிலிருந்து ஒவ்வொரு ஆனியிலும் வருகின்றன. வரும் தேதியைக் குறித்துக்கொள்கிறேன். முன்போல ஓடிப்போய்ப் பார்க்கத் தெம்பில்லை. படி இருந்த இடத்தில் ஒரு மர முக்காலி. பாவு நீட்டும் நாளில் அதையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். நிலைப்படியை ஒட்டிப் பட்டு ஓடும். சுருட்டி முடியும்வரை நான் வெளியே இறங்க முடியாது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். பாதி நாள் பக்கம் புரளாது.

இன்றும் அப்படித்தான். மரத்தில் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருக்கின்றன. எதிர்வீட்டு அம்மாள் பாவின் மேல் படாமல் கையை நீட்டி டீ டம்ளரைக் கொடுத்தார்.

"பிடிங்க சார். சிந்திடாதீங்க, அப்புறம் உங்களையும் வெட்டச் சொல்லுவாங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.